ஷிஜா சொன்னது

கரமனை,
12 ஜூலை 2024

அன்புள்ள ஷிஜா,

உன்னை அழைத்து அழைத்துப் பார்த்துவிட்டேன். அனுப்பிய செய்திகளெல்லாம் ஒற்றைக் குறியோடு நிற்கின்றன. என் எண்ணைத் தடுத்துவிட்டாய் என்று புரிந்துகொண்டேன். கல்லாற்றில் உன் சித்தி ஷெமி கடை வைத்திருக்கிறாள், பொன்முடி போகிறவர்கள் அங்கே வண்டியை நிறுத்திக் கட்டன் சாயா குடிப்பார்கள் என்று எப்போதோ சொல்லியிருக்கிறாய். நீ அங்கேதான் இருப்பாய் என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

பிரஜினைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. விசாரித்து அறிந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பல்கலைக்கழகக் காப்பகத்தில் இந்த நகரத்து ஹிப் ஹாப்பைச் சேகரிக்கத் தொடங்கியபோது முதலில் வந்து உட்கார்ந்தவர்கள் நீங்கள் இரண்டு பேர்தான். நீ பேசினாய். பிரஜின் பக்கத்தில் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தான். ஆற்றங்கரைக் காலனியை இடித்த நாளைப் பற்றி நான் கேட்டபோது நீ பேச்சை விட்டுத் தாளத்தில் ஏறிக்கொண்டாய். அதைப் பாட்டு என்றும் சொல்ல முடியாது, பேச்சு என்றும் சொல்ல முடியாது. அப்படியொரு பதிவு அதற்கு முன்பும் பின்பும் எனக்குக் கிடைத்ததில்லை. அதில் ஆட்களின் பெயர் வருகிறது என்பதால், இருபத்தைந்து வருடம் யாருக்கும் திறக்கக் கூடாது என்று நானே குறித்து வைத்தேன். நீ கேட்டு நான் கொடுத்த வாக்கு அது.

அந்தக் குறிப்பு ஒரு பூட்டு என்று நம்பியிருந்தேன். வெளியாட்களுக்குத்தான் அது பூட்டாம். துறையில் பாடம் நடத்துகிறவர்கள் தங்கள் கணினியிலிருந்தே எதையும் கேட்கலாமாம். இது எனக்கு இந்த வாரம்தான் தெரியும். இந்த வருடம் எம்.ஏ. மாணவர்களுக்கு ஹிப் ஹாப் ஒரு விருப்பப் பாடம். அதை நடத்த வந்திருக்கும் சுமந்த், உன் பதிவில் நான்கு நிமிடத்தை வகுப்பில் போட்டிருக்கிறான். யாரோ ஒரு மாணவர் அதை போனில் பிடித்து இன்ஸ்டாகிராமில் ஏற்றிவிட்டார். அங்கிருந்து அது போலீஸ் காதுக்குப் போய், மூன்று வருடமாகத் தூங்கிக் கிடந்த கல்லெறி கேஸை எழுப்பிவிட்டது.

சுமந்த் கெட்டவன் இல்லை. "இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கல சேச்சி" என்று என் முன்னால் உட்கார்ந்து அழுதான். எனக்கு அவனைத் திட்டவும் தெரியவில்லை. அந்த வீடியோவை நீக்கச் சொன்னோம், நீக்கிவிட்டார்கள். அதற்குள் எங்கெல்லாமோ போய்விட்டது.

வக்கீல் யாராவது பார்க்கிறார்களா? பதில் எழுது. என்னைத் திட்டியாவது எழுது.

பத்மஜா


கல்லாறு
19 ஜூலை 2024

மரியாதைக்குரிய பத்மஜா மேடம் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இதுவரை உங்களை சேச்சி என்று கூப்பிட்டேன். இப்போது கை வரவில்லை.

வக்கீல் இருக்கிறார். போனில் இதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசக் கூடாது, வாட்ஸ்அப்பில் எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அப்புறம் என் போனையே ஸ்டேஷனில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதனால் உங்களைத் தடுத்தேன் என்று வருத்தப்பட வேண்டாம். இப்போது எல்லோரையும் தடுத்த மாதிரிதான்.

நான் பத்தாவது வரை சாலை பஜாரில் இருக்கிற தமிழ்ப் பள்ளியில் படித்தவள். அதற்குப் பிறகு தமிழில் பாட்டைத் தவிர ஒன்றும் எழுதியதில்லை. தப்பு இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

அந்த நாலு நிமிடம் எனக்கு மனப்பாடம். ஜேசிபி எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீட்டில் கை வைத்தது. சாமான் எடுக்க நேரம் கேட்டோம், தரவில்லை. பிரஜின் குனிந்து ஒரு கல்லை எடுத்தான். 'முதல் கல் பிரஜின் கல், கண்ணாடியைக் கடந்த கல்.' டிரைவர் முகத்தைப் பொத்திக்கொண்டு இந்தப் பக்கமாக இறங்கினார். கொஞ்ச தூரம் நடந்தார். எங்கள் கோழிக்கூட்டின் மேல் போய் உட்கார்ந்தார். யாரும் பக்கத்தில் போகவில்லை. நானும் போகவில்லை. இவ்வளவுதான். இதில் நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அவன் பெயர் வரும் இடத்தில் பிரஜின் சிரிப்பது கேட்கிறதாம். குற்றத்தை ஒத்துக்கொண்டு சிரிக்கிறான் என்று போலீஸில் எழுதியிருக்கிறார்கள். மேடம், நீங்கள் அந்த அறையில் இருந்தீர்கள். நான் அந்த வரியில் தாளத்துக்கு முன்னால் பாய்ந்துவிட்டேன். நான் எப்போதும் அப்படிப் பாய்வேன். அவன் எப்போதும் சிரிப்பான். இதை எந்த எஸ்.ஐ.யிடம் போய்ச் சொல்லிப் புரியவைப்பது?

போன வருடம் உங்கள் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க என்னைக் கூப்பிட்டீர்கள். சைஃபர் என்றால் சுற்றி நிற்கிற வட்டம், நடுவில் ஒருத்தர் சொல்லும்போது சுற்றி நிற்கிறவர்கள் காவல் என்று சொன்னேன். எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நல்ல காவல்.

எனக்கு உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் வேண்டும். அந்தப் பதிவை அழித்துவிடுங்கள். முழுதும். நான் பேசியதே இல்லை என்று ஆகட்டும்.

ஷிஜா


கரமனை,
27 ஜூலை 2024

அன்புள்ள ஷிஜா,

நீ கேட்டதை என்னால் செய்ய முடியவில்லை. முடியாது என்று ஒரே வரியில் எழுதி அனுப்ப மனம் வராததால் காரணத்தையும் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே போலீஸிலிருந்து முழுப் பதிவையும் கேட்டு ஆள் வந்துவிட்டது. நான் இயக்குநரிடம் போய், இது மூடிய பதிவு, பேசியவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்றேன். "நாம ஒரு பொது நிறுவனம் பத்மஜா. போலீஸ் கேட்டா குடுத்துதான் ஆகணும். உங்க வாக்குக்கு எந்தச் சட்டத்துல இடமிருக்குன்னு காட்டுங்க" என்றார். நான் தேடினேன். வக்கீலிடம் சொல்வதற்குச் சட்டத்தில் காப்பு இருக்கிறது. காப்பகத்தில் சொல்வதற்கு இல்லை. பெயரில் மட்டும் காப்பு வைத்திருக்கிறோம். அன்று சாயங்காலமே பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

எல்லோரும் போன பிறகு கணினியின் முன் உட்கார்ந்து உன் பதிவின் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அழிக்கலாம்தான். அவர்களிடம் பிரதி இருக்கும்போது நான் அழித்தால், எதையோ மறைக்கிறோம் என்று பிரஜின் மேல்தான் இன்னொரு பழி வரும். இதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுந்து வந்தேன். பயத்தினால் எழுந்தேனோ என்றும் தோன்றுகிறது. இரண்டும் கலந்திருக்கும்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு ஹிப் ஹாப் தெரியாது, உன்னைத் தெரியும். "ஏண்டி, நம்மாத்துல உக்காந்து ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போன பொண்ணு. அவளை நம்ப வச்சுப் பேசச் சொல்லிட்டு இப்படியா கொண்டு விடுவேள்?" என்றாள். நான் மாடிக்குப் போய்விட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வந்த எஸ்.ஐ. அந்த டிரைவரைப் பற்றிச் சொன்னார். பெயர் சத்தியதாஸ். களியக்காவிளை தாண்டி மார்த்தாண்டம் பக்கம். இடது கண் போய்விட்டதாம். உன்னோடு அத்தனை மணி நேரம் பேசியும் அவர் பெயர் என்ன, அப்புறம் என்ன ஆனார் என்று நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இப்போதுதான் அது உறைக்கிறது.

பத்மஜா


கல்லாறு
10 ஆகஸ்ட் 2024

பத்மஜா மேடம்,

ஜாமீன் கிடைக்கவில்லை. ஒரு ஆளின் கண் போயிருக்கிறது, பதிவில் பெயர் தெளிவாக இருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள்.

பிரஜினை ஜெயிலில் போய்ப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தான். மெலிந்துவிட்டான். "உன் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல கேட்டியா" என்றான். அப்படிச் சொன்னவன் என் முகத்தைப் பார்க்காமல் பக்கத்து ஆளைப் பார்த்துச் சொன்னான். விரல் மட்டும் மேசை மேல் அசையாமல் இருந்தது. அவன் விரல் அசையாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

நேற்று அவன் அம்மா செண்பகவல்லி இங்கே வந்தார்கள். காலனி போன பிறகு நேமம் பக்கம் ஒற்றை அறையில் இருக்கிறார்கள். இரண்டு பஸ் மாறி, மழையில் நனைந்து கடை வாசலில் நின்றார்கள். சித்தி துண்டு கொடுத்தாள், வாங்கவில்லை.

"வக்கீல் ஒரு வழி சொல்லுதாரு மோளே" என்றார்கள். "அது பாட்டுன்னு நீ எழுதிக் குடுத்தா போதுமாம். சும்மா பாட்டுக்குக் கட்டினதுன்னு."

"அது நடந்ததுல்லா அத்தை" என்றேன்.

"நடந்ததுன்னு எனக்குத் தெரியாதா? நானும் அங்கதான நின்னேன். நடந்தத யாரு கேக்கா? எனக்க பிள்ள உள்ள கெடக்கான்."

சாயா கொடுத்தேன். குடித்துவிட்டு, பதில் கேட்காமலே கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

மேடம், நாங்கள் காலனியில் இருந்ததற்கு என்ன அடையாளம் இருக்கிறது? பேப்பரில் 'ஆக்கிரமிப்பு அகற்றப்பட்டது' என்று இரண்டு வரி வந்தது. இப்போது அங்கே கம்பி வேலியும் நடைபாதையும் இருக்கிறது. யார் வீடு எங்கே இருந்தது, யார் அழுதார்கள், யார் கல்லெடுத்தார்கள் என்று ஒழுங்காகச் சொன்னது நான் மட்டும்தான். அதைப் பொய் என்று எழுதிக் கொடுத்தால் நாங்கள் அங்கே இருந்ததே பொய் என்று ஆகிவிடாதா? எழுதிக் கொடுக்காவிட்டால் அவன் உள்ளே கிடப்பான்.

சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டுமாம். அப்பா, "யோசிக்க என்ன இருக்கு, போட்டுக் குடு" என்கிறார். நீங்கள் படித்தவர். என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

ஷிஜா


கரமனை,
22 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஷிஜா,

பத்து நாளாக இந்தக் கடிதத்தைத் தொடங்குவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். படித்த படிப்பில் இதற்குப் பதில் இல்லை.

வக்கீல் என்னிடமும் வந்தார். நீ கொடுப்பது மட்டும் போதாதாம். காப்பகத்திலிருந்தும் ஒரு சான்று வேண்டுமாம். ஹிப் ஹாப்பில் தன்னைப் பற்றியும் தோழர்களைப் பற்றியும் மிகைப்படுத்திப் பாடுவது வழக்கம், இந்தப் பதிவும் அப்படிப்பட்ட ஒரு நிகழ்த்துகலைதான் என்று துறை சார்பில் எழுதித் தர வேண்டுமாம். முதல் பாதி உண்மை. அந்த வழக்கம் உண்டு, வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்கிறோம். இரண்டாவது பாதி உண்மையில்லை என்று என்னைவிட நன்றாக அறிந்த ஆள் இந்தக் கட்டடத்தில் இல்லை. பதிவு செய்த அன்றைக்கே 'வாய்மொழி வரலாறு' என்று வகைப்படுத்தியது நான்தானே. வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன். பாட்டு என்று எழுதினால் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள், வரலாறு என்று எழுதினால் மதிப்பார்கள் என்று அன்று கூட்டத்தில் வாதாடினேன்.

இயக்குநரிடம் போனேன், மறுப்பார் என்று எதிர்பார்த்துக்கொண்டு. அவர் உடனே சம்மதித்துவிட்டார். "நல்ல யோசனை. கலைன்னு ஆயிடுச்சுன்னா நமக்கும் தொந்தரவு இல்ல" என்றார். அவருக்கு அவ்வளவு நிம்மதி.

நான் எழுதிக் கொடுக்கத் தீர்மானித்துவிட்டேன். உன்னையும் எழுதச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. நீ மறுத்தால் நானும் கொடுக்க மாட்டேன். நீ கொடுத்தால் நீ மட்டும் பொய் சொன்னதாக இருக்க வேண்டாம், அவ்வளவுதான்.

பத்மஜா


கல்லாறு
30 ஆகஸ்ட் 2024

சேச்சி,

இன்றைக்கு நகரத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்களைப் பார்க்க வரவில்லை, வர மனசில்லை.

மலையாளத்தில் அடித்து வைத்திருந்தார்கள். 'மேற்படி பதிவில் கூறப்பட்டவை என் கற்பனை. அவ்வாறு எந்தச் சம்பவமும் எனக்கு நேரில் தெரியாது.' வக்கீல் குமஸ்தா வாசித்துக் காட்டி, "சரியல்லே?" என்று கேட்டார். சரி என்றேன்.

எனக்கு நேரில் தெரியாதாம். என் வீடு சேச்சி.

ஷிஜா


கரமனை,
20 செப்டம்பர் 2024

அன்புள்ள ஷிஜா,

ஓணத்துக்கு முன்பே பிரஜின் வெளியே வந்துவிட்டான் என்று வக்கீல் சொன்னார். உங்கள் இரண்டு வீட்டிலும் கொஞ்சம் சிரிப்பு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். போலீஸிடம் வேறு சாட்சியம் எதுவும் இல்லை, கேஸ் இனி நிற்காது என்றும் சொன்னார். உன்னை வந்து பார்த்தானா?

இங்கே நடந்ததையும் நீ அறிந்திருக்க வேண்டும். யாரோ சொல்லிக் கேட்பதைவிட நான் சொல்வது நல்லது.

கோர்ட்டுக்கு ஒன்று சொல்லிவிட்டுப் பட்டியலில் வேறொன்று வைத்திருக்க முடியாது என்று இயக்குநர் எழுத்தில் உத்தரவு போட்டார். நாலு நிமிடம் மட்டுமில்லை, நீ பேசிய அத்தனை மணி நேரத்தையும் 'நிகழ்த்துகலை' பகுதிக்கு மாற்றிவிட்டேன். உன் அப்பா கான்கிரீட் வேலைக்கு இந்த ஊருக்கு வந்தது, நீயும் பிரஜினும் பாலத்துக்கு அடியில் முதன்முதலாகப் பாடிப் பார்த்தது, காலனியில் எந்தக் குழாயில் தண்ணீர் வரும் என்று நீ சொன்னதுகூட இப்போது அங்கேதான் இருக்கிறது. தலைப்பின் கீழே, 'பேசியவர் இதைக் கற்பனை என்று உறுதியளித்துள்ளார்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது. என் கையால்தான் தட்டினேன்.

சுமந்தின் வகுப்பில் இப்போது அது தடையில்லாமல் ஓடுகிறது. கலை என்று ஆன பிறகு மூடி வைக்கக் காரணமில்லையாம். போன வியாழக்கிழமை நான் வாசலில் நின்று கேட்டேன். ஒரு மாணவி எழுந்து, "ஒரு குடியிருப்பையே கற்பனையில் உருவாக்கிக் காட்டியிருக்கிறார், கோழிக்கூடு போன்ற சிறிய விவரங்கள்கூட நம்பும்படி இருக்கின்றன" என்று பாராட்டினாள். சுமந்த் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் "ஆமாம்" என்றான். பாடம் தொடர்ந்தது.

வேலையை விட்டுவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "விட்டா அந்தப் பொண்ணு சொன்னது திரும்பவும் நிஜமாயிடுமா?" என்றாள். விடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாரையும் உட்கார வைத்து, பேசுங்கள், பத்திரமாக இருக்கும் என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை. நேற்று நடனக் குழுப் பையன்கள் நான்கு பேர் வந்திருந்தார்கள். பதிவு இயந்திரம் வேலை செய்யவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பத்மஜா


கல்லாறு
6 அக்டோபர் 2024

சேச்சி,

பிரஜின் வந்தான். சித்தி கடையில் பழம்பொரி தின்றான், ஆற்றில் இறங்கிக் கால் நனைத்தான். பாட்டைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போகும்போது, "கோயம்புத்தூர்ல ஹோட்டல் வேலை ஒண்ணு சரியாயிருக்கு" என்றான். பீட் போட வைத்திருந்த லேப்டாப்பை வக்கீலுக்காக விற்றுவிட்டார்களாம். "வாங்கிக்கலாம்" என்றேன். "எதுக்கு?" என்றான். கோபமாக இல்லை, சும்மாதான் கேட்டான்.

போன வாரம் கோர்ட்டில் ஒரு தேதி இருந்தது. நானும் போயிருந்தேன். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. கேஸ் இவ்வளவுதான் என்று வக்கீல் கை கொடுத்தார். அங்கிருந்து தம்பானூர் ஸ்டாண்டுக்கு வந்து பொன்முடி பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். ஒரு ஆள் என் பக்கத்தில் வந்து நின்றார். வேட்டி, வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. தலையை ஒரு பக்கமாகத் திருப்பி என்னைப் பார்த்தார். வலது கண்ணால் பார்க்கிறார் என்று அப்புறம்தான் புரிந்தது.

"நீதான அந்தப் பாட்டுப் படிச்ச பிள்ள?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி."

"பயப்படாத மக்கா. நான் ஒண்ணும் சொல்ல வரல்ல. கோர்ட்டுக்குள்ள உன்னப் பாத்தேன். அதான் பொறத்தால வந்தேன்."

அப்புறம் சொன்னார். அவரை வேலைக்கு வைத்திருந்த காண்ட்ராக்டர், கல் எதுவும் விழவில்லை, இவர் குடித்துவிட்டு வண்டி ஓட்டிச் சுவரில் இடித்து, கண்ணாடி உடைந்து கண்ணில் பட்டது என்று எழுதிவிட்டாராம். நஷ்ட ஈடு கேட்டுப் போட்ட மனு மூன்று வருடமாகக் கிடக்கிறதாம். அங்கே நின்றிருந்த போலீஸும் அதிகாரியும் தாங்கள் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

"எனக்க மருமவன்தான் போன்ல அந்தப் பாட்டக் காட்டினான்" என்றார். "நான் எந்தப் பக்கம் எறங்கினேன், எங்க போய் இருந்தேன், எல்லாம் நீ கரெக்ட்டா சொல்லியிருந்த. வீட்டுல எல்லாரையும் கூட்டி வச்சுக் கேட்டோம். எனக்க பெஞ்சாதி அன்னைக்குத்தான் என்ன நம்பினா. அதுவரைக்கும் அவளும் குடிச்சிட்டுத்தான் வண்டி ஓட்டினேன்னு நெனச்சிட்டிருந்தா. இதக் கொண்டு போய்க் காட்டினா மனு நிக்கும்னு வக்கீல் சொன்னாரு. இப்பம் நீ அது கற்பனன்னு எழுதிக் குடுத்திட்ட. இனி அது செல்லாதாம்."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை சேச்சி. அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அந்தப் பயலுக்காகத்தான செய்த?" என்று கேட்டார்.

நான் தலையைக்கூட ஆட்டவில்லை. வக்கீல் யாரிடமும் எதையும் சொல்லாதே என்று சொல்லியிருந்தது அந்த நேரத்திலும் ஞாபகம் இருந்தது. என்னை நினைத்து எனக்கே வெறுப்பாக இருந்தது.

"செரி மக்கா" என்றார். "வீட்ட இடிக்கேன்னு எனக்கும் தெரியும். வண்டி எடுன்னா எடுக்கணும். எனக்குப் பேரு தெரியாத ஆளு எறிஞ்சான்னுதான் நான் போலீஸ் புகாருல இருந்து இன்னைக்கு வரைக்கும் சொல்லியிருக்கேன். இனியும் அப்படித்தான் சொல்லுவேன். ஆனா அது நடந்துதுல்லா? அத மட்டும் நீ சொல்லு. வேற யாருட்டயும் சொல்லாண்டாம். எனக்கிட்ட சொல்லு."

சுற்றி ஆட்கள் நின்றார்கள். ஒரு பெண் போனில் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த இடத்தில் எல்லோர் கையிலும் இருக்கிற போன்தான் கண்ணுக்குத் தெரிந்தது. யாராவது பதிவு செய்கிறார்களா, இவர் சட்டைப் பையில் போன் இருக்கிறதா என்று பார்த்தேன். சேச்சி, அந்த மனுஷன் சட்டைப் பையைப் பார்த்தேன் நான். இருந்தது.

"அது பாட்டு அண்ணாச்சி" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

அப்போது ஒரு பஸ் வந்து நின்றது. போர்டு மலையாளத்தில் இருந்தது, வெயில் வேறு அதன்மேல் அடித்தது. அவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடமே கேட்டார். "இது களியக்காவிளைக்கா பிள்ளே?"

போர்டைப் படித்து, "ஆமா" என்றேன்.

நான் சொன்னதை நம்பி ஏறிப் போனார்.

ஷிஜா